செதிலுக்கு அடியில் ஒன்று

சண்டையில் கடைசி வாக்கியம் என்னுடையது:
"உனக்குச் சொல்லவே தெரியாது, ஹொக்னி."
மார்ச் மாதம். கிளாக்ஸ்விக் துறையில் பனித்தூறல்.
தொப்பியை ஒருமுறை தொட்டுக்கொண்டான்.
கப்பல் கிரீன்லாந்துக்குப் போய்விட்டது.

ஜூனில் திரும்பிய வேறொரு கப்பல்
அவன் கடிதத்தைக் கொண்டுவந்தது.
நான்கு தாள். ஓர் எழுத்து இல்லை.
புள்ளி, கோடு, கோடு, புள்ளி, புள்ளி...
தந்தி ஆபீஸ் மேன்னி படித்துப் பார்த்து
பொருளே வரவில்லை என்று கையை விரித்தான்.
எனக்கு வந்தது.
கம்பளிச் சட்டைக்கு நாங்கள் எழுதிவைக்கும் கணக்கு அது:
கோடு கறுப்புக் கண்ணி, புள்ளி வெள்ளை.
வரிசைக்கு எத்தனை கண்ணி என்பதை மட்டும்
சொல்லாமல் விட்டிருந்தான்.
சொல்லத் தெரியாதவன் அல்லவா.

உப்புமீன் கிட்டங்கியில் கட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
எண்ணினேன்.
ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு.

இளகிய மனசு அந்த எண்ணுக்கு.
தொட்டதும் இரண்டாகப் பிளந்தது,
பிறகு மூன்றாக, பிறகு ஐந்தாக,
ஐம்பத்துமூன்றில்தான் பல் இறங்கவில்லை.
இந்த நாலைந்து துண்டுகளைச் சேர்த்துப் பிரித்தால்
பதினாறு வகுத்திகள்.
முப்பது முப்பதாக அடுக்கினேன்: பனி.
ஐம்பத்துமூன்றாக: பனி.
பதினைந்தாக, நூற்றாறாக,
எல்லோருக்கும் தலையாட்டுகிற ஆளைப்போல
எப்படிக் கேட்டாலும் சரி என்றது,
ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மாலை
இரண்டாம் தாளின் ஓரத்தில்
காய்ந்து ஒட்டியிருந்த மீன் செதிலை
வேறு வேலையில்லாமல் நகத்தால் சுரண்டினேன்.
அதற்கு அடியில் ஒரு புள்ளி.

ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
ஒன்று கூடியதும் முகமே மாறிவிட்டது.
இரண்டு இல்லை. மூன்று இல்லை. ஐந்து இல்லை.
நான்கையும் ஆறையும் கேட்கவே இல்லை,
இரண்டுக்குத் திறக்காத கதவு
அதன் பிள்ளைகளுக்கா திறக்கும்?
ஏழில் இரண்டு மிச்சம்.
பதினொன்றில் ஏழு.
பதின்மூன்றில் ஐந்து.
பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று,
ஒவ்வொன்றும் கொஞ்சம் எலும்பை விட்டுவைத்தது.
இருபத்தொன்பதில் இன்னும் நான்கு இருந்தால் போதும்;
விளக்கை அருகே இழுத்து
மறுபடி வகுத்தேன், கெஞ்சுவதுபோல. இல்லை.
முப்பத்தொன்றும் இல்லை.
நாற்பதை நாற்பதால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூறு.
அதைத் தாண்டித் தேட வேண்டாம்.
பெரிய வகுத்தி ஒன்று இருந்தால்
அதன் சின்ன ஜோடி இந்தப் பக்கமே அகப்பட்டிருக்கும்.
ஆக, கேட்காமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று.

முப்பத்தேழு.
நாற்பத்துமூன்று முறை. மீதி இல்லை.

இரண்டும் பகா எண்கள், ஆகவே இரண்டே வழி.
வரிசைக்கு நாற்பத்துமூன்று என்று போட்டேன்:
அதே பனி.
முப்பத்தேழு என்று போட்டேன்.
எட்டாம் வரிசையில் மேசையின் விளிம்பு வந்தது.
எங்கள் மேசை.
இந்தப் பக்கம் ஒரு நாற்காலி,
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி.
போன குளிர்காலம் முழுக்க
சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்றானே, அது.
படத்தில் அதற்கு நான்கு கால்கள்.

சமையலறையில் அது இன்னும்
மூன்று காலோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கோபம் முழுக்கப் போனது என்று சொல்லமாட்டேன்.

பதிலுக்கு ஒரு கொக்கி ஊசி எடுத்து
சாம்பல் கம்பளியில் சங்கிலி பின்னினேன்,
ஒற்றைக் கண்ணி அகலம்.
உன் எண் அத்தனையும், மேலே ஆறு.
ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றேழு.
அடுக்க முடியாது, மடக்க முடியாது,
ஒன்றாலும் தன்னாலும் தவிர
எதனாலும் வகுபடாது.
பார்சலில் என்ன என்றான் மேன்னி.
கயிறு என்றேன்.

ஹொக்னி அதைப் படுக்கையில் விரித்து
தடித்த விரலால் எண்ணுவான்.
இரண்டு, மூன்று, ஐந்து என்று
நான் வந்த வழியிலேயே வருவான்.
முப்பத்தேழில் நம்பிக்கையோடு கை வைப்பான்.
ஆறு மிஞ்சும்.